முகமூடி அணிந்த அண்ணன்

பந்தயக் கார்களையும் எதிர்கால எந்திரங்களையும் ஒரே தடத்தில் ஓடவிட்ட ஜப்பானிய அனிமே தொடர்களுக்கு ஒரு குலமுதல்வர் உண்டு. அவர் பெயர் தட்சுவோ யோஷிடா. உலகெங்கும் ‘ஸ்பீட் ரேஸர்’ என்ற பெயரில் அறியப்பட்ட தொடரைப் படைத்தவர். 1977 செப்டம்பர் 5 அன்று, 45ஆவது வயதில், கல்லீரல் புற்றுநோயால் மறைந்தார். அவர் வரைந்த வெள்ளைக் காரை அறிந்தவர்களில் பலருக்கு அவரைத் தெரியாது.

அவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியவன் என் தங்கை மகன். கன்னிவாடியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். கைப்பேசியில் இத்தகைய தொடர் ஒன்றை இரவு பகலாகப் பார்த்து முடித்துவிட்டு, இதைப் போல வேறு என்ன இருக்கிறது மாமா என்று கேட்டான். கைப்பேசியே அவனுக்கு ஒரு பட்டியலைத் தந்திருந்தது. அதில் நான்கு சக்கரம் உள்ள எல்லாமும் இருந்தன. அவன் தேடியது ஒன்றுகூட இல்லை. சக்கரத்தை வைத்து உறவு தேடினால் அப்படித்தான் ஆகும். மரபை வைத்துத் தேட வேண்டும். அதற்கு முதலில் யோஷிடாவின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் கியோட்டோவில் 1932 மார்ச் 6 அன்று பிறந்தார். போர் முடிந்தபோது வயது 13. ஓவியப் பள்ளி எதிலும் பயிலாமல், தானே வரைந்து பழகிக் கைதேர்ந்தவர். அவருக்குப் பின் கென்ஜி, அவருக்குப் பின் தொயோஹாரு என்று இரு தம்பிகள். கடைக்குட்டி தொயோஹாரு அண்ணனைவிட எட்டு வயது இளையவர். ‘இப்பெய் குரி’ என்ற புனைபெயரில் அவரும் ஓவியராகவே வளர்ந்தார். 1950களில் பிழைப்பைத் தேடி டோக்கியோவுக்குச் சென்ற தட்சுவோ, சிறுவர் இதழ்களுக்குப் படம் வரைந்தார். மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதை உலகில் அப்போது ஒஸாமு தெஸுகாவின் கொடி பறந்துகொண்டிருந்தது. உருண்டைக் கண்களும் மென்மையான வளைவுகளும் தெஸுகாவின் பாணி. யோஷிடாவின் கை வேறு வழியில் சென்றது. அமெரிக்கச் சித்திரக்கதைகளில் காண்பதைப் போன்ற அகன்ற தோள்கள், தசைகள், நிழல்கள், எலும்புள்ள முகங்கள். இக்கி கஜிவாரா எழுதிய மல்யுத்தக் கதையான ‘சாம்பியன் ஃபுதோஷி’க்கு 1962இல் அவர் வரைந்த படங்கள் அந்தக் கையின் பலத்தைக் காட்டுபவை.

அதே 1962 அக்டோபரில் மூன்று சகோதரர்களும் சேர்ந்து தட்சுனோகோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. தட்சுவின் பிள்ளை என்று ஒரு பொருள். ஜப்பானிய மொழியில் கடற்குதிரையைக் குறிக்கும் சொல்லும் அதை ஒட்டியதே. ஆகவே நிறுவனத்தின் சின்னம் கடற்குதிரை. முதலில் அது சித்திரக்கதை வரையும் இடமாகத்தான் இருந்தது. 1963 ஜனவரி முதல் நாளில் தெஸுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சியில் தொடங்கிய பிறகு ஊரே அசையும் படங்களின் பக்கம் திரும்பியது. யோஷிடாவும் திரும்பினார். பெரிய நிறுவனம் ஒன்றோடு கூட்டாகச் செய்யவிருந்த முதல் திட்டம் கைகூடாமல் போகவே, அனுபவமில்லாத தன் ஆட்களை வைத்துக்கொண்டே ‘விண்வெளி ஏஸ்’ தொடரை முடித்து 1965இல் ஒளிபரப்பச் செய்தார். தெஸுகாவிடம் உதவியாளராக இருந்த ஹிரோஷி ஸஸகாவா இங்கு வந்து சேர்ந்து இயக்குநரானார். டோக்கியோவின் மேற்கே கொகுபுன்ஜியில் அந்தச் சிறு ஸ்டுடியோ வளர்ந்தது.

அடுத்து வந்ததுதான் கார். அந்தக் காலத்து ஜப்பானை நினைத்துப் பார்க்க வேண்டும். சுஸுகா பந்தயத் தடம் 1962இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நாட்டின் முதல் அதிவேக நெடுஞ்சாலையின் ஒரு பகுதி பயன்பாட்டுக்கு வந்தது. 1965இல் மெக்சிகோவில் ஹோண்டா தன் முதல் ஃபார்முலா ஒன் வெற்றியைப் பெற்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் சாம்பலாகக் கிடந்த நாடு, எந்திரத்தின் மேல் புதிதாக நம்பிக்கை கொண்டிருந்தது. ‘பைலட் ஏஸ்’ என்ற பந்தயச் சித்திரக்கதையை ஏற்கெனவே வரைந்திருந்த யோஷிடா, அதை விரித்து ‘மாக் கோ கோ கோ’ என்ற கதையாக்கினார். எல்விஸ் பிரெஸ்லி பந்தய ஓட்டுநராக நடித்த ‘விவா லாஸ் வேகாஸ்’ படத்திலிருந்து நாயகனின் தோற்றமும், ஜேம்ஸ் பாண்டின் ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்திலிருந்து தந்திரங்கள் நிறைந்த காரும் அவருக்குக் கிடைத்தன. கடன் வாங்கியதை அவர் மறைக்கவில்லை. வாங்கியதற்கு மேல் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார் என்பதே என் எண்ணம்.

1967 ஏப்ரல் 2 முதல் 1968 மார்ச் 31 வரை ஃபுஜி தொலைக்காட்சியில் 52 பகுதிகள், வண்ணத்தில். நாயகன் கோ மிஃபுனே. புகழ்பெற்ற நடிகர் தொஷிரோ மிஃபுனேயின் நினைவாக அமைந்த பெயர். தலைக்கவசத்திலும் காரின் முகப்பிலும் உள்ள ‘எம்’ எழுத்து மிஃபுனே குடும்பத்தைக் குறிப்பது. ஜப்பானிய மொழியில் ஐந்துக்குக் ‘கோ’ என்று பெயர். ஆகவே காரின் எண் 5. அந்த மாக் ஃபைவ் காரின் சுக்கான் சக்கரத்தில் ஏழு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் அடியிலிருந்து தூக்கிகள் எழுந்து கார் துள்ளும். ஒன்று எவ்வகை நிலத்திலும் பிடிப்புத் தரும் பட்டையைச் சக்கரங்களுக்குப் பூட்டும். ஒன்று முன்னால் இரு சுழல் வாள்களை நீட்டி வழியிலுள்ள மரங்களை அறுக்கும். ஒன்று மேலே குண்டு துளைக்காத கூண்டை மூடும். ஒன்று இருளில் பார்வை தரும். ஒன்று காரை நீருக்கடியில் ஓடவைக்கும். ஏழாவது, செய்தி சுமந்து பறக்கும் எந்திரப் பறவை. இவற்றில் எதுவும் எதிராளியைச் சுடும் ஆயுதம் இல்லை என்பதைக் கவனிக்கலாம். காரை வடிவமைத்தவர் நாயகனின் தந்தை தாய்சுகே. மகன் சாகாமல் திரும்ப வேண்டும் என்று நினைக்கிற ஒரு தகப்பனின் பட்டியல் அது.

அமெரிக்காவுக்கு அது அதே ஆண்டிலேயே சென்றது. பீட்டர் ஃபெர்னாண்டஸ் என்பவர் ஆங்கில உரையாடலை எழுதி, நாயகனுக்கும் முகமூடி ஓட்டுநருக்கும் தானே குரல் கொடுத்தார். கோ மிஃபுனே ‘ஸ்பீட் ரேஸர்’ ஆனான். அந்தத் தலைமுறை அமெரிக்கச் சிறுவர்கள் பலருக்கு அது ஜப்பானியப் படைப்பு என்பதே தெரியாமல் இருந்தது.

இனி அந்த முகமூடி ஓட்டுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யோஷிடாவின் உள்ளம் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். மிஃபுனே வீட்டின் மூத்த மகன் கெனிச்சி. தந்தை செய்த காரைப் பந்தயத்தில் ஓட்டி விபத்துக்குள்ளாக்குகிறான். தந்தை கடிந்துகொள்ள, வீட்டை விட்டு வெளியேறிவிடுகிறான். பல ஆண்டுகளுக்குப் பின், தம்பி ஓட்டும் பந்தயங்களில் எல்லாம் முகமூடி அணிந்த ஒருவன் வருகிறான். தம்பிக்கு இடர் நேரும்போதெல்லாம் குறுக்கே புகுந்து காக்கிறான். போட்டியில் தோற்கடிக்கவும் செய்கிறான். பார்ப்பவர்களுக்கு அவன் அண்ணன் என்பது தெரியும்; தம்பிக்கு மட்டும் தெரியாது. ஒரு கட்டத்தில் தம்பிக்குச் சந்தேகம் வந்து நேராகக் கேட்டுவிடுகிறான். அப்போதும் அவனை அடித்து மயங்கச் செய்த பிறகுதான் அண்ணன் முகமூடியைக் கழற்றுகிறான். மயங்கிக் கிடப்பவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

இது நமக்குப் புதிய கதையா? கர்ணனை அறிந்த எந்த ஊருக்கும் இது புதிதாக இருக்காது. தம்பிகளுக்குத் தெரியாத மூத்தவன், தேரில் நின்று அவர்களை எதிர்ப்பவன், அவர்களைக் கொல்ல வாய்த்த இடத்தில் கொல்லாமல் விடுபவன். ‘கர்ண மோட்சம்’ கூத்தை இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்த நம் பாட்டிமார்களுக்கு மாக் கோ கோ கோவை உட்கார்த்திக் காட்டியிருந்தால், பொத்தான்களைப் பொருட்படுத்தாமல் அந்த முகமூடிக்காரனுக்காகத்தான் கண்ணைத் துடைத்திருப்பார்கள். யோஷிடா மகாபாரதத்தைப் படித்தார் என்று நான் சொல்லவரவில்லை. இரு தம்பிகளை அருகில் வைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தையே தூக்கிச் சுமந்த ஒரு மூத்தவர், அண்ணனை இப்படி எழுதினார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு முறை எழுதியிருந்தால் தற்செயல் எனலாம். அவரது நிறுவனத்திலிருந்து பின்னர் வந்தவற்றைப் பாருங்கள். 1970இல் தொடங்கிய ‘அநாதை ஹட்ச்’ தொடரில் ஒரு சிறு தேனீ தாயைத் தேடி அலைகிறது. 1972 அக்டோபர் முதல் 1974 செப்டம்பர் வரை 105 பகுதிகள் ஓடிய ‘காட்சமேன்’ தொடரில் ஐந்து இளைஞர்கள் உலகைக் காக்கிறார்கள். அவர்களின் தலைவன் கென்னுக்கு அவ்வப்போது கைகொடுக்கும் ‘ரெட் இம்பல்ஸ்’ என்ற முகம் மறைத்த விமானி, காணாமற்போன அவனுடைய தந்தையே. அது தெரியவரும்போது தந்தையைக் காப்பாற்றும் காலம் கடந்துவிடுகிறது. (அக்குழுவின் இரண்டாமவனான ஜோ ஒரு கார் பந்தய ஓட்டுநர், பழைய காதல் யோஷிடாவை விடவில்லை.) 1973இல் வந்த ‘காஷன்’ தொடரில் மகன் எந்திர உடலை ஏற்றுப் போரிடுகிறான், அவன் தாயின் உள்ளம் ஓர் எந்திர அன்னப் பறவைக்குள் ஒளிந்திருக்கிறது. அருகிலேயே இருந்தும் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள இயலாத உறவு: இதுதான் அந்த வீட்டின் கைரேகை. எந்திரம் அதைச் சுற்றி அணிவித்த உடை.

இந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர் சேர்த்த ஆட்களும் அவருடைய படைப்பில் சேர்த்தி. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஓவியர் யோஷிதாகா அமானோ 15 வயதில் தட்சுனோகோவில் வேலைக்குச் சேர்ந்தார். காட்சமேனுக்கு எந்திரங்களை வடிவமைத்த குனியோ ஒகவாரா பிறகு ‘குண்டம்’ எந்திர மனிதனுக்கு வடிவம் தந்தார். ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ எடுத்த மமோரு ஒஷி 1977இல், யோஷிடா மறைந்த அதே ஆண்டில், அங்கே நுழைந்தார். அப்போது ‘யாட்டர்மேன்’ என்ற நகைச்சுவைத் தொடர் ஒளிபரப்பில் இருந்தது. அது 1979 வரை நீண்டது. காட்சமேன் அமெரிக்காவில் ‘பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்’ என்று உருமாறி வந்தது 1978இல். அதை அவர் பார்க்கவில்லை.

வாரந்தோறும் ஒரு பகுதி என்று ஆண்டு முழுவதும் கையால் வரைந்து தள்ளும் தொழில் அது. தசையும் நிழலும் உள்ள உருவங்களை அசையவைக்க, தெஸுகாவின் உருண்டை உருவங்களைவிட அதிகக் கோடுகள் வேண்டும். அதிகக் கோடு என்றால் அதிக இரவுகள். அந்தத் தலைமுறை ஜப்பானிய ஓவியர்களில் பலர் முதுமையைக் காணவில்லை. தெஸுகாவும் 60 வயதில் போனவர்தான். வேகத்தை வரைந்தவர்களுக்கு வேகமே முதலாளியாக இருந்தது.

வேகத்தைப் பற்றி யோஷிடாவின் தொடர் வெறும் புகழ்ச்சி பாடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜிஆர்எக்ஸ் என்ற எந்திரத்தைப் பற்றிய இரு பகுதிகள் அதில் உண்டு. மனிதன் தாங்கக்கூடிய வேகத்தை மீறியது என்பதால் ஓட்டியவரின் கல்லறையிலேயே புதைக்கப்பட்ட எந்திரம் அது. பேராசைக்காரர்கள் தோண்டி எடுத்து ஒரு காரில் பூட்டுகிறார்கள். ஓட்டியவர்கள் அடுத்தடுத்து மடிகிறார்கள். புலன்களைக் கூர்மையாக்கும் மருந்தை முகர்ந்துவிட்டு நாயகனே அதை ஓட்டுகிறான்; மருந்தின் பின்விளைவாக வேகத்தைக் கண்டாலே அஞ்சி நடுங்குபவனாகிறான். சிறுவர் தொடர் ஒன்றில், பந்தய வீரன் பயந்து வியர்ப்பதைக் காட்ட 1967இல் துணிச்சல் வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் மலை. கன்னிவாடியிலிருந்து பன்றிமலை, ஆடலூர் பக்கம் ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. விடுமுறை நாட்களில் சமவெளியிலிருந்து வரும் இளைஞர்கள் பைக்கில் அந்த வளைவுகளைப் பந்தயத் தடமாக எண்ணுகிறார்கள். கீழே இறங்கி வந்தால் பேருந்து நிறுத்தச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள்; கறுப்புக் கண்ணாடி அணிந்து, தன் பைக்கின் மேல் சாய்ந்து நிற்கும் பத்தொன்பது, இருபது வயது முகங்கள். என் மருமகனுக்கும் அடுத்த ஆண்டு பைக் வேண்டுமாம். திரையில் ஓடும் பந்தயத்தைப் பார்க்காதே என்று அவனைத் தடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதைப் பார்ப்பது என்பதில் ஒரு கை கொடுக்கலாம்.

அவனுக்கு நான் சொன்னவை இவை. முதலில் ‘ஃப்யூச்சர் ஜிபிஎக்ஸ் சைபர் ஃபார்முலா’. மித்சுவோ ஃபுகுதா இயக்கத்தில் 1991இல் 37 பகுதிகளாக வந்தது. 14 வயதுச் சிறுவன் ஹயாதோ, மறைந்த தன் தந்தை உருவாக்கிய சிந்திக்கும் காருக்கு எதிர்பாராமல் ஓட்டுநராகிறான். அந்தக் கார் அவனிடம் பேசுகிறது, அறிவுரை சொல்கிறது, முரண்படுகிறது. தாய்சுகே மிஃபுனேயின் ஏழு பொத்தான்களும் கூடி ஒரு குரலாகிவிட்டன என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். தட்சுனோகோவின் படைப்பு இல்லை என்றாலும் அந்த வீட்டுப் பேரப்பிள்ளை என்று சொல்லத் தடையில்லை.

அடுத்தது 2005இல் வந்த ‘ஐஜிபிஎக்ஸ்’. கார்களின் இடத்தில் பந்தய எந்திர மனிதர்கள், அணிக்கு மூவர். இதைத் தயாரித்த புரொடக்ஷன் ஐ.ஜி. நிறுவனம் 1987இல் ‘ஐ.ஜி. தட்சுனோகோ’ என்ற பெயரில், அங்கே பணியாற்றிய மித்சுஹிசா இஷிகாவா முன்னின்று தொடங்கியது. ஆக, இரத்த உறவே உண்டு. ஆனாலும் கதை மெலிந்தது. ஓட்டத்தை மட்டும் ரசிப்பவர்களுக்குப் போதும்.

டகேஷி கொய்கே இயக்கிய ‘ரெட்லைன்’ எல்லோரும் பரிந்துரைக்கும் படம். ஏழு ஆண்டு உழைப்பு, ஏறத்தாழ ஒரு லட்சம் கையோவியங்கள். 2009இல் லொகார்னோ விழாவில் முதலில் காட்டப்பட்டது. வேகத்தை இதற்கு மேல் கோடுகளில் காட்ட முடியாது. எனக்கு அது ஒரு வாணவேடிக்கை. பார்த்து முடித்த மறுநாள் யாருக்காகவும் மனம் கவலைப்படவில்லை.

பட்டியல்களில் பெரும்பாலும் கீழே கிடப்பது ‘ஓபன் ஸ்டார் ரேஸர்ஸ்’. 2006இல் 26 பகுதிகளாக வந்தது. அதன் கர்த்தா ஒரு பிரெஞ்சுக்காரர், சாவின் யீட்மன் ஐஃபெல். ஜப்பானியக் கலைஞர்களோடு சேர்ந்து உருவாக்கினார். தாய் இறந்த பின் விடுதிப் பள்ளியில் விடப்பட்ட ஈவா என்ற சிறுமி அங்கிருந்து தப்பி, பந்தய அணி நடத்தும் தன் தந்தையிடம் வந்து சேர்கிறாள். அவருக்கு மகளை அடையாளம் தெரியவில்லை. அவள் ‘மாலி’ என்று பொய்ப்பெயர் சொல்லி அவரிடம் வேலைக்குச் சேர்ந்து, அவருக்காக அண்டவெளிப் பந்தயத்தில் ஓடுகிறாள். முகமூடி இங்கே மகளின் முகத்துக்கு மாறியிருக்கிறது. டோக்கியோவில் பிறந்த கருவை பாரிஸில் ஒருவர் பிடித்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றியது. அவர் யோஷிடாவிடமிருந்துதான் எடுத்தாரா என்பது இங்கு முக்கியமில்லை. ஸ்பீட் ரேஸரை விரும்பியவர்கள் தேட வேண்டியது இதைத்தான். வச்சோவ்ஸ்கிகள் 2008இல் எடுத்த ‘ஸ்பீட் ரேஸர்’ ஹாலிவுட் படமும் திரையரங்கில் தோற்று, பிறகு மெல்ல மெல்ல மதிப்புப் பெற்றதற்குக் காரணம், அதுவும் அண்ணனின் முகமூடியை நடுவில் வைத்ததே.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக ஓர் அனிமே இல்லை. ஆனால் தாய்சுகே மிஃபுனேயைப் போல ஒரு மனிதர் இருந்தார். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800இன் எந்திரத்தை வைத்து, நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களும் எட்டிப்பிடிக்கக்கூடிய ‘ஃபார்முலா மாருதி’ ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தின் மனிதர். 1995இல் சிறு விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள தடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. வளைவுகளில் வேகம் காட்ட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு மலைச்சாலையைவிட்டால் அப்படிப்பட்ட இடம்தான் உண்டு. அதற்கு இங்கிருந்து போகும் வழியையும் சேர்த்தே என் மருமகனுக்குச் சொன்னேன்.

யோஷிடா மறைந்த பின் நிறுவனத்தைத் தம்பிகள் தூக்கி நிறுத்தினார்கள். முதலில் கென்ஜியும் பின்னர் தொயோஹாருவும் தலைமை ஏற்றார்கள். 2005இல் பொம்மை நிறுவனமான டகாரா பெரும்பங்கை வாங்கியபோது அது குடும்பத்தின் கையை விட்டுப் போனது. அண்ணனோடு சேர்ந்து வரையத் தொடங்கிய கடைசித் தம்பி தொயோஹாரு, இப்பெய் குரி என்ற பெயரிலேயே கடைசிவரை அறியப்பட்டவர், 2023 ஜூலையில் தன் 83ஆவது வயதில் காலமானார். அண்ணனைவிட 38 ஆண்டு அதிகமாக வாழ்ந்தார்.